மேல் பொத்தான்

சிறப்புப் பள்ளியின் பெஞ்சில், எஸ்தர் டீச்சர் சொன்னபடி, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துச் செல்லக்கிளி உட்கார்ந்திருந்தாள். எதிரே அவளுடைய பதினாறு வயது மகள் தெய்வானை சட்டைப் பொத்தான்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அவளைவிட உங்களுக்குச் சொல்லிக்குடுக்கறதுதாங்க பெரும்பாடு."

"காலையில பஸ்ஸு வந்துருது டீச்சர். கை தன்னால போயிருது. ஆனா எனக்கப்புறம் யாரு போட்டுவிடுவா?"

"அதுக்குத்தானே கைமேல உக்காரச் சொன்னேன்."

கீழிருந்து மூன்று பொத்தான்களைத் தெய்வானை போட்டுவிட்டாள். கழுத்துப் பொத்தான் மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது. எழுந்து வந்து, தினமும் நிற்பதுபோலத் தாடையை உயர்த்தி அம்மாவின் முன்னால் நின்றாள்.

"ம்மா, போடு."

செல்லக்கிளி ஜன்னலைப் பார்த்தாள்.

"ம்மா."

மரத்துப்போயிருந்த கைகளின் மேல் அவள் இன்னும் அழுந்த உட்கார்ந்தாள்.