முள் முனையில் முட்டை ஓடு

மழையில் வேர் அழுகிவிடுமே என்று தையல்நாயகி கற்றாழைத் தொட்டியை வராந்தாவுக்கு இழுத்தாள். முள் குத்தாமலிருக்க இலை நுனிகளில் செருகி வைத்திருந்த முட்டை ஓடுகளில் நாலைந்து நொறுங்கிவிட்டன.

"நல்லதாப் போச்சு! சைவக் குடும்பத்து வாசல்ல முட்டை ஓடு. குரோம்பேட்டையே சிரிக்குது" என்றார் கணவர் சிவக்கொழுந்து. ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

"வெறும் ஓடுதானே சாமி! முள்ளு குத்தினா ஊரா வந்து மருந்து போடும்?" என்றவள், பக்கத்து வீட்டு ரத்தினபாய் டீச்சரிடம் போனாள். சிவக்கொழுந்து வழக்கமாக ஓசிப் பேப்பர் படிக்கப் போகும் வீடு. ஓடுகளும் அங்கிருந்துதான் வரும்.

"டீச்சர், நாலு ஓடு வேணும்."

"இப்போ இல்லையேம்மா. தை மாசம் தரேன்."

"ஏன், உங்களுக்கும் விரதமா?"

"விரதம் இல்லம்மா. எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் முட்டையே ஒத்துக்காது."

"அப்போ இத்தனை நாளா குடுத்த ஓடெல்லாம்?"

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சாமி மலைக்குப் போயிட்டு வந்து மாலையைக் கழட்டட்டும்மா."

சுவருக்கு அந்தப் பக்கம் சரண கோஷம் சட்டென்று உரத்துக் கேட்டது.