அடங்கிக் கிடந்த ஜீன்கள்

“என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் புற்றுநோய்னு சொல்லிடாதீங்க டாக்டர். பித்தப்பைக் கல்லுன்னு சொல்லி வெச்சிருக்கேன். மனுஷன் தாங்கமாட்டார்.”

“நம்ம தெசலோனிக்கி ஊர்ல எல்லாரும் இப்படித்தான்மா கேக்கறாங்க. சொல்லலை.”

ஆபரேஷனுக்கு முன் நடந்த அந்தப் பேச்சு எவாந்தியாவுக்கு நினைவு வந்தது. இன்று, குடலிலிருந்து எடுத்த கட்டியின் ஜீன் சோதனை முடிவு. கணவர் லெஃப்தெரிஸை வெளியே உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள்.

“கட்டியில எந்த ஜீன் எவ்வளவு வேகமா வேலை செய்யுதுன்னு பார்த்தோம். முரட்டு ஜீனெல்லாம் அடங்கித்தான் கிடக்கு. நோய் திரும்ப வர வாய்ப்பு ரொம்பக் கம்மி. கீமோ வேண்டாம்” என்றார் டாக்டர்.

எவாந்தியா வாய்விட்டுச் சிரித்தாள்.

“மெதுவாம்மா! உங்க வயித்துல தையல் போட்டு இன்னும் மாசம்கூட ஆகலை.”

ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த லெஃப்தெரிஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “கீமோ வேண்டாமா?”

“பித்தப்பைக் கல்லுக்கு எதுக்குங்க கீமோ?” என்று அவள் சமாளித்தாள்.

“அடியே, வாசல்லயே ‘புற்றுநோய் மருத்துவமனை’ன்னு ஆளுயரத்துக்கு எழுதியிருக்கு! கல்லுக்கு எவனாவது அழுவானா? அழுதா நீ கண்டுபிடிச்சிடுவேன்னு இத்தனை நாளா அடக்கிக்கிட்டிருந்தேன்.” அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “இப்பவாவது கொஞ்சம் அழுதுக்கட்டுமா, எவா?”