சிசிலியாவின் புதன்கிழமை

"அடுத்த கிழமையிலையிருந்து புதனும் வேலைக்கு வா. புதனிலை நிக்கிற மச்சான் லண்டனுக்குப் போறான்."

பாரிஸ் லாச்சப்பலில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் வாமதேவன் பிரெஞ்சில் இப்படிச் சொன்னதும், கோப்பை கழுவிக்கொண்டிருந்த கொலம்பியாக்காரி சிசிலியாவின் கை நின்றது.

"புதன் ஏலாது முதலாளி. அண்டைக்குத்தான் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நடனம் பழக்கிறன்."

"ஏலாதெண்டால் வேறை ஆளைப் பாக்கிறன்."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓர் அழைப்பிதழை நீட்டினாள். "சனிக்கிழமை இதுக்கு வாங்கோ. பிறகு முடிவு சொல்லுறன்."

பிரான்சில் வாழும் லத்தீன் அமெரிக்கர்களுக்கான தேசிய விருது விழா. கலைப் பிரிவில் சிசிலியாவின் பெயர்.

வாமதேவனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கல்லாவில் இருந்த மனைவி சாரதாதேவியிடம் தமிழில் சொன்னார்: "கோப்பை கழுவிறவளுக்குத் தேசிய விருதாம்! மண்டபக் காசு இவள்தான் கட்டியிருப்பாள்."

அனுபவஸ்தர் பேச்சு. கல்லாவுக்கு மேலே தொங்கும் 'சேவைச் செம்மல்' பட்டத்துக்கு மண்டபக் காசு கட்டியவர் அவர்தான். அன்று அவருக்குப் போர்த்திய பொன்னாடைகூட அவரே வாங்கிக் கொடுத்ததுதான்.

யார் காசு என்று பார்க்கவே சனிக்கிழமை மனைவியோடு போனார். மேடையில் பாரிஸ் புறநகரான கார்ஜ் லே கொனெஸ் பிள்ளைகள் முப்பது பேர் கொலம்பிய நடனமான கும்பியா ஆடினார்கள். அத்தனை பேருக்கும் இலவசமாகப் பழக்கியவள் சிசிலியாவாம். காசு கட்டியவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

விருதை வாங்கிய சிசிலியா ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"இரண்டு வருசத்துக்கு முந்தி என்ரை முதலாளி எனக்குப் புதன்கிழமையளைத் தந்தார். அதிலைதான் இந்த வகுப்பு தொடங்கினது. இனியும் தருவார். அந்தா இருக்கிறார்!"

மண்டபமே எழுந்து கைதட்டியது. வாமதேவன் கைகூப்பினார்.

சாரதாதேவி காதைக் கடித்தாள். "அப்ப என்ரை தம்பிக்கு வேலை குடுக்கத்தானே அவளின்ரை புதனை வெட்டினீங்கள்?"

"சும்மா இரும். படம் எடுக்கிறாங்கள்."

அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. திங்கட்கிழமை சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் அவர் கையைக் குலுக்கினார்கள்.

"முதலாளி, புதன் வரட்டோ?" சிசிலியா ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

குலுக்கிய ஒருவர் இன்னும் வாமதேவனின் கையை விடவில்லை.

"சீச்சீ! பிள்ளையள் பாத்துக்கொண்டிருப்பினம். நீ அங்கை போ."

புதனுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. சேவைச் செம்மல் சட்டைக்கையை மடித்துவிட்டுத் தானே கோப்பை கழுவினார்.

சாரதாதேவி எட்டிப் பார்த்தாள்.

"காசு கட்டாமல் உங்களுக்குக் கிடைச்ச முதல் மரியாதையப்பா இது. வடிவாய்த் தேயுங்கோ."