நாத்தனார் புடவை மயில்

"என் நாத்தனார் புடவையில போட்டீங்களே, அதே மயில் எனக்கும் வேணும்" என்று வெளிர்மஞ்சள் பட்டுப்புடவையை விரித்தாள் வந்தவள்.

எம்பிராய்டரிக்காரி ஊசியைக் கீழே வைத்தாள். "தையல் மட்டும்தான்மா என்னோடது. மயிலோட உருவம் என் வீட்டுக்காரர் கைவண்ணம்."

"அப்போ அவரையே கூப்பிடுங்க. நாத்தனார் மயிலைவிட ஒரு சுத்து பெருசா இருக்கணும்."

"யோசிச்சுக்கோங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன்."

உள்ளேயிருந்து வந்தவர் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து, முந்தானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒரு டீ கொண்டா" என்றார் மனைவியிடம்.

கலைஞர்களுக்கு டீ இல்லாமல் கை ஓடாது போலிருக்கிறது என்று வந்தவள் பயபக்தியோடு காத்திருந்தாள்.

டீ வந்தது. அவர் டம்ளரைத் தூக்கினார். கண்ணை மூடினார். அப்படியே முந்தானையில் கவிழ்த்தார்.

"ஐயோ, என் பட்டு!" என்று அலறினாள் வந்தவள்.

எம்பிராய்டரிக்காரி பென்சிலை எடுத்துக் கறையின் ஓரமாகவே கோடு இழுத்தாள். "உங்க நாத்தனார் புடவையில அன்னைக்கு இவர் கைதவறிக் கொட்டிட்டாரு. கறையை மறைக்கத்தான் அதுமேல மயில் போட்டேன்."

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கழுத்து வந்துடுச்சு. தோகைக்கு இன்னொரு டீ கொண்டா."