கொஞ்சம் சத்தமா சொல்லுங்க

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. அவசரப்படாதீர்கள், அதற்கு முன்னால் மைக்செட்டைப் பார்த்துவிடுவோம்.

பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மைக்செட் என்ற பட்டப்பெயரை வாங்கிக் கொடுத்தது அவர் குரல். இப்போது சபையின் சுவிசேஷக் குழுவில், வீடு வீடாகப் போய் இயேசுவைப் பற்றிச் சொல்கிற ஊழியம். குழுவில் எல்லோரும் ஆளுக்கொருவரையாவது ஞானஸ்நானத்துக்கு அழைத்து வந்துவிட்டார்கள். இவர் பேரில் மட்டும் ஒரு ஈ காக்கா வரவில்லை.

"இந்த ஞாயித்துக்கிழமையாவது... உங்க பேர்ல... ஒரு ஆத்துமா... வருமா பிரதர்?" என்று போதகர் இழுத்து இழுத்துக் கேட்டுவிட்டார். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் நம்பியிருந்தது ஒரே ஒரு ஆளை.

அந்த ஆள் இருந்த மாடிக் குடியிருப்பில், ஊழியத்துக்குப் போன முதல் நாள் கதவு கதவாகத் தட்டினார்.

"வாட்டர் ஃபில்டரா? போன மாசம்தான் வாங்கினோம்."

"அம்மா தூங்குறாங்க." சொன்னது அம்மாவேதான்.

"வீட்ல யாருமே இல்லைங்க!"

திறந்தது பூட்டு ரிப்பேர்காரரின் கதவு மட்டும்தான். முன்னறையே பட்டறை. சுவர் முழுக்கச் சாவிகள்.

"எனக்குச் சாமி பூதம் எதுவும் கிடையாதுங்க. ஆனா உக்காருங்க, சொல்லுங்க."

சாவி வெட்டும் மெஷினை நிறுத்தினார். தெருச் சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்தினார். நாற்காலியைத் தூக்கி உள்ளறைத் திரைக்குப் பக்கத்தில் போட்டார். மைக்செட் ஆரம்பித்தார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

மைக்செட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததிலிருந்து அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை.

அதன்பிறகு வாரா வாரம் இதே கூத்து. வேதத்தைத் திறந்தால், "சத்தமா." ஜெபம் பண்ணினால், "இன்னும் கொஞ்சம் சத்தமா." பாடினால், "மூணாவது சரணத்தை விட்டுட்டீங்களே!"

சாமியே இல்லை என்கிறவருக்கு மூணாவது சரணம் எப்படித் தெரியும்? காது மந்தமா? அதுவும் இல்லை. கீழே தபால்காரர் மணி அடித்தால் இவருக்குத்தான் முதலில் கேட்கிறது.

"இயேசுவை ஏத்துக்கிறீங்களா?"

"டீ குடிக்கிறீங்களா?"

மைக்செட்டுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மனம் இளகுகிறதா, இல்லை இவரை இளக்காரம் பண்ணுகிறாரா?

"அத்தான், அந்த ஆளு உங்களை வச்சு நல்லா காமெடி பண்றான். ரேடியோ மாதிரி திருகுறான், நீங்களும் பாடுறீங்க," என்றான் மச்சினன்.

"டேய், அவர் கனிஞ்சுட்டாருடா. நீயே வந்து பாரு."

அந்தச் சனிக்கிழமை மச்சினனையும் கூட்டிக்கொண்டு போனார். சிரிப்பு எங்கே என்கிறீர்களா? இதோ, மாடி ஏறிக்கொண்டிருக்கிறோம்.

வேதம் வாசித்தாயிற்று. மூணாவது சரணத்தோடு பாடியாயிற்று. மைக்செட் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்கு ஞானஸ்நான ஆராதனை. உங்க பேரைக் குடுத்துடட்டுமா?"

"எதுக்குங்க? எனக்குத்தான் சாமி கிடையாதுன்னு முதல் நாளே சொன்னேனே."

மச்சினன் களுக்கென்றான். மைக்செட்டுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஊழியக்காரர் ஓடிப்போய், உள்ளே இருந்த கண்டக்டர் வெளியே குதித்தார்.

"எத்தனை வாரமாய்யா படியிலயே தொங்குவே? பரலோகத்துல அவ்வளவு இடம் காலியா கிடக்கு! ஏறுறதுன்னா ஏறு, உள்ள போ! இல்லேன்னா இறங்கு! பின்னாடி ஆளு நிக்குதில்ல!"

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

பெண்குரல். குழறலாக, கரகரவென்று, நிறுத்த முடியாமல் வந்தது.

பூட்டுக்காரர் கையிலிருந்த அரம் கீழே விழுந்தது. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். திரும்பி வரும்போது சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சிரிச்சுட்டா," என்றார். "என் பொண்டாட்டி. வாதம் வந்து படுத்ததுக்கப்புறம் இப்பதான் சிரிக்கிறா."

"உங்க வீட்ல... விசுவாசியா?"

"சின்ன வயசுலேர்ந்து. சபையில முன் வரிசையில நின்னு பாடுவா. இப்ப முகம் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு, யார் கண்ணுலயும் பட மாட்டேங்குறா. சபைக்காரங்க வந்தா போர்வையை இழுத்து மூடிக்குவா. உங்ககிட்ட சொன்னா நீங்களும் உள்ள போய்ப் பார்க்கணும்பீங்க. அதான் சொல்லலை."

"ஃபோன்ல பாட்டு, பிரசங்கம் எல்லாம் இருக்கே?"

"போட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு ஒருத்தர் வந்து சொல்ற மாதிரி வராதாம். நீங்க போனப்புறம் மெல்ல மெல்லச் சொல்லுவா, எந்தச் சரணம் விட்டுப்போச்சுன்னு."

"உங்களுக்குத்தான் சாமியே இல்லையே ஐயா?"

"அவளுக்கு இருக்காரே."

மைக்செட் வேதத்தை மூடிக்கொண்டு எழுந்தார். கீழே வந்ததும் மச்சினன்தான் மெதுவாகக் கேட்டான்.

"அப்போ போதகர்கிட்ட யார் பேரைச் சொல்றது அத்தான்?"

"என் பேரைச் சொல்லு."

"நீங்கதான் முப்பது வருஷத்துக்கு முன்னாடியே ஞானஸ்நானம் எடுத்துட்டீங்களே?"

"அன்னைக்குத் தண்ணியில சரியா முங்கலை போலிருக்குடா."