இரண்டாம் பூச்சு

மூவாயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்.

குளியலறைச் சுவர் பூசியதற்கு டீச்சர் கொடுத்த கூலி. ஒரே மாதத்தில் சுவர் வெடித்தது. திருப்பித் தருகிறேன் என்று கொத்தனார் சொல்லி நாலு மாதம் ஆகிறது.

இன்றைக்கும் கையில் இல்லை.

வேலையிலிருந்து நேரே வருகிற மாதிரி இருக்கட்டும் என்று சாமான் வாளியையும் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுப் பின்வாசலில் நின்றான். சொல்ல வேண்டிய பொய் தயாராக இருந்தது.

டீச்சர் பொய்யைக் கேட்கவில்லை. அவர் வலது கையில் மாவுக்கட்டு.

"கையக் கழுவிட்டு உள்ள வாங்க கொத்தனாரே. கிழங்கு மசிக்கணும்."

மகள் வெள்ளைக்கார மாப்பிள்ளையோடு வந்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. இரண்டு பேரும் கோயில் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். மூன்று நாளாக மாப்பிள்ளை ரசத்தைக் குடித்துக் கண்ணீர் விடுகிறார்.

அதனால் இன்றைக்கு அவர் ஊர்ச் சாப்பாடு. ஷெப்பர்ட்ஸ் பை. அடியில் ஆட்டுக் கொத்துக்கறி. மேலே மசித்த உருளைக்கிழங்கு. அப்புறம் ஓவன்.

கறியை டீச்சர் ஒற்றைக் கையால் சமாளித்துவிட்டார். கிழங்குதான் மிச்சம்.

அவன் மசித்தான். பாலும் வெண்ணெயும் விட்டுக் குழைத்தான். கலவைப் பதம் அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வாளியிலிருந்து சாந்துக் கரண்டியை எடுத்தான்.

டீச்சர் பார்த்தார்.

திரும்ப வைத்துவிட்டுத் தோசைத்திருப்பியை எடுத்தான்.

பூசினான். ஓரம் பிடித்தான். சுவருக்கு மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைக் கழுவிப் பாத்திரத்தின் குறுக்கே வைத்தான். குமிழ் நடுவில் நின்றது.

டீச்சர் போனில் படம் காட்டினார். கிழங்கு முழுக்க முள்கரண்டிக் கோடு.

"கோடு போட்டா மேல இன்னொரு பூச்சு உண்டுன்னு கணக்கு, டீச்சர்."

"படத்துல இருக்குல்லா? போடுங்க."

போட்டான்.

டீச்சர் சேலை மாற்றப் போனார்.

கோடு போட்ட சுவரை அப்படியே விட்டுவிட்டு எந்தக் கொத்தனாரும் வீட்டுக்குப் போனதில்லை. சட்டியில் கிழங்கு வேறு மீதி இருந்தது.

டீச்சர் வந்து பார்த்தபோது கோட்டைக் காணோம். வழவழத்த மேல்பூச்சில் ட்யூப்லைட் தெரிந்தது.

"அட, பாவி மனுசா!"

மணி பன்னிரண்டரை. அப்படியே ஓவனுக்குள் போயிற்று.

ஒரு மணிக்கு மேசைக்கு வந்தது. மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். விரலால் தட்டினார்.

அவன் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தான்.

மாப்பிள்ளை ஏதோ சொன்னார். மகள் சிரித்தாள்.

"அவங்க அம்மா செஞ்சா மேல வெடிச்சுக் குழம்பு வெளிய வந்துருமாம். இதுல ஒரு கீறல் இல்லையாம். யாரு பூசுனதுன்னு கேக்காரு."

டீச்சர் அடுக்களைக்கு வந்தார்.

"அப்ப எஞ் சுவத்துக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

அவன் தோசைத்திருப்பியைக் கழுவ ஆரம்பித்தான்.

அடுக்களைக் காலண்டரில் 'கொத்தனார் 3260' என்று எழுதியிருந்தது. அவன் காதில் செருகியிருந்த பென்சிலை டீச்சர் உருவினார். இடது கையால் அதன்மேல் ஒரு கோடு இழுத்தார்.

"கடன் கழிஞ்சிச்சு. போங்க."

கோடு கோணலாக இருந்தது.

அவன் அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். வாளியைத் தூக்கினான். பின்வாசல் பக்கம் போகவில்லை.

மாப்பிள்ளை மூன்றாம் தடவை தட்டில் போட்டுக்கொள்ளும்போது, குளியலறையில் பழைய பூச்சைக் கொத்தும் சத்தம் கேட்டது.