மே தினத்தில் ஒரு துரோகி

"அதோ நிக்கிறா பாருங்க! எட்டு வருஷம் என் வீட்டுப் பொண்ணா இருந்தவ. இன்னைக்கு யார்கிட்ட சம்பளம் வாங்குறா? அவளையே கேளுங்க!"

மைக்கைப் பிடித்தபடி அடெமார் கை நீட்டிய பக்கம் பைசந்து நகரத்துச் சதுக்கமே திரும்பிப் பார்த்தது. எல்பியாவுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அடெமார் அந்தப் பேட்டையின் மளிகைக் கடைக்காரர். சின்னக் கடைக்காரர் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். மே தின மேடையில் வருஷா வருஷம் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. இந்த வருஷம் பேச விஷயமும் கிடைத்துவிட்டது. தெருமுனையில் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் வந்திருந்தது. அவர் கடையிலிருந்த எல்பியா அங்கே பில் போடப் போய்விட்டாள்.

"அந்தக் கம்பெனிக்காரனுக்கு உன் பேர் தெரியுமா? வெறும் நம்பர்தான் தெரியும்!" என்று முழங்கினார் அடெமார். "நம்ம கடைகள்ல முதலாளி யாரு, வேலையாள் யாரு? ஒரே குடுவையில மாத்தே டீ ஊத்தி, ஒரே குழல்ல மாத்தி மாத்திக் குடிக்கிறோம். அதுக்குப் பேர்தான்யா குடும்பம்!"

கைதட்டல் காதைப் பிளந்தது.

அவர் சொன்னது பொய்யில்லை. அந்தக் குடுவைக்குத் தினமும் வெந்நீர் போட்டவளே எல்பியாதான். முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வரும், மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். குடும்பமாயிற்றே, அதனால் லீவு கேட்கக் கூடாது. குடும்பமாயிற்றே, அதனால் அரசாங்கக் காப்பீட்டிலோ பென்ஷனிலோ அவள் பேரைப் பதியவும் இல்லை. நிமோனியாவில் படுத்தபோதுதான் அவளுக்கே அது தெரிய வந்தது.

"சொந்தப் பொண்ணுக்கு யாராவது பென்ஷன் கட்டுவாங்களாம்மா?" என்று அப்போது உருகினார் மாமா.

புதுக் கடை மட்டும் என்ன சொர்க்கமா? கழிப்பறைக்கு எழுந்தால்கூட மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பான். ஆனால் அங்கே பேர் பதிந்திருக்கிறது, தொழிலாளர் சங்கம் இருக்கிறது. இன்றைக்குக் கதவைச் சாத்தியிருக்கிறானே, அதுகூட அவனுடைய பெருந்தன்மை இல்லை. திறந்திருந்தால் சங்கம் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கும்.

மேனேஜரின் கடிகாரத்தைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பேட்டைக்காரர்களின் பாராமுகத்தைத்தான் தாங்க முடியவில்லை. யாராவது பழையபடி முகம் பார்த்துப் பேசினால் போதும் என்று இருந்தது.

"மிர்த்தாக்கா, நீங்களாவது..." என்று பக்கத்தில் நின்ற அண்டை வீட்டுக்காரியிடம் மெல்ல ஆரம்பித்தாள்.

"என்கிட்ட பேசாதேடி. தங்கமான மனுஷன் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டுப் போனவதானே நீ?"

சொல்லிவிட்டு மிர்த்தா காலடியில் இருந்த கரிப் பையைப் பாவாடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். மதியம் வீட்டுக்கு வீடு இறைச்சி சுடுகிற நாள்தான். ஆனால் பஸ்கூட ஓடாத இந்த நாளில் கரி எங்கே கிடைத்தது என்று எல்பியா யோசித்தாள். கேட்கிற நிலையிலா இருந்தாள்?

மேடையில் அடெமார் உச்சத்துக்குப் போயிருந்தார்.

"இன்னைக்கு என்ன நாள்? உழைக்கிறவன் கை ஓயுற நாள்! இன்னைக்கு ஒரு தொழிலாளியை வேலை வாங்குறவன் மனுஷனே இல்ல!"

மிர்த்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேச்சு முடிந்தது. வாத்தியக் குழு மேளத்தைத் தட்ட ஆரம்பித்தது. மேடையிலிருந்து இறங்கிய அடெமார் நேரே எல்பியாவிடம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடைன்னா கொஞ்சம் சூடாத்தாம்மா பேச வேண்டியிருக்கு, மனசுல வச்சுக்காதே. உன் ஏப்ரன் அதே ஆணியில அப்படியே தொங்குது. திரும்பி வந்துடு. 'என் பொண்ணு வந்துட்டா'ன்னு நானே ஊரைக் கூட்டிச் சொல்றேன். அப்புறம் எவன் உன்னைப் பேசுறான்னு பாக்குறேன்."

எல்பியா கையை இழுத்துக்கொள்ளவில்லை. எத்தனை மாசமாயிற்று, இந்தப் பேட்டையில் ஒருத்தர் அவளிடம் இப்படிப் பேசி! அந்தக் கடை, அந்த மாத்தேக் குடுவை, வாசலில் நின்று வம்பளக்கிற பெண்கள் எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து போயின.

"பேரைப் பதிஞ்சுடுவீங்களா, மாமா?"

"அதெல்லாம் பேசிக்கலாம்மா. குடும்பத்துக்குள்ள என்ன?"

அவள் மனசு பாதி இளகிவிட்டது.

"எப்ப வரணும்?"

அடெமார் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இப்பவே கிளம்பேன். ஊர்ல ஒரு பெரிய கடையும் திறக்கல. நம்ம பின்வாசல்ல கரிக்கும் ரொட்டிக்கும் கூட்டம் அலைமோதுது. புதுசா வந்த ரோமினா விடிஞ்சதுலேர்ந்து ஒத்தையா நின்னு அல்லாடுறா, பாவம்."

மிர்த்தா அவசரமாக வானத்தைப் பார்த்தாள்.

எல்பியா கையை விடுவித்துக்கொண்டாள்.

"மைக் சும்மாத்தான் இருக்கு, முதலாளி. வாங்க, இதையும் அதுல சொல்லிட்டே கிளம்பலாம்."